மூன்றாவது துண்டு

திருப்பூரில் ஒரு ஆர்டருக்கு நிறம் முடிவாவதற்கு முன்னால் 'லேப் டிப்' என்று ஒன்று நடக்கும். வெளிநாட்டு பையர் ஒரு நிறத்தைச் சொல்லுவார். சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் உள்ளங்கை அகலத் துணியில் அதே நிறத்தை இரண்டு மூன்று விதமாகப் போட்டு அனுப்புவார்கள். அதில் ஒன்றை பையர் தேர்ந்தெடுத்ததும் அந்தத் துணி மூன்று துண்டாகும். ஒரு துண்டு பையரிடம், ஒன்று சாயப்பட்டறையில், ஒன்று எங்களைப் போன்ற மெர்ச்சன்டைசர்களின் ஃபைலில். நாளைக்குச் சரக்கு போய் இறங்கின பிறகு "இது நான் சொன்ன நீலம் இல்லை" என்று தகராறு வந்தால் மூன்று இடத்திலும் ஒரே துண்டு இருக்கும். ஒரு இடத்தில் எலி கடித்தாலும், இன்னொரு இடத்தில் தொலைத்தாலும், மூன்றாவது பேசும்.

இந்த வேலையை நான் பதினேழு வருஷம் பார்த்தேன். பனியன் துணிக்கு மூன்று துண்டு வைக்கத் தெரிந்த எனக்கு, என் அப்பாவின் பேச்சுக்கு இரண்டாவது துண்டு வைக்கத் தோன்றவில்லை.

2003இல் எனக்கென்று ஒரு இணையதளம் தொடங்கினேன். இலவசமாக இடம் கொடுத்த ஒரு நிறுவனத்தின் ஓரத்தில் ஒரு முகவரி, நானே நோட்பேடில் தட்டிய பக்கங்கள், முரசு அஞ்சலில் அடித்த தமிழ். ஐந்து வருஷத்தில் 24 பக்கம் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி பனியன் கம்பெனிகளின் பழைய ஆட்கள் சொன்னது. சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர், கட்டிங் மாஸ்டர், கைமடியாகச் சேர்ந்து தலை நரைத்தவர்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தம் பற்றி அவர்களிடம் கேட்டு கேசட்டில் பதிவு செய்து, எழுதி ஏற்றினேன். அப்பாவும் அதில் ஒருவர். சிங்கர் டெய்லர். அவர் பேச்சு மட்டும் இரண்டு பகுதி. கேசட் விலையை மிச்சம் பிடிக்க, ஒருவர் பேசியதை எழுதி முடித்ததும் அதே கேசட்டில் அடுத்தவரைப் பதிவு செய்தேன். எழுத்து பத்திரமாக இருக்கும்போது குரல் எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

அப்பா 2008இல் இறந்தார். அடுத்த வருஷம் இலவச இடம் கொடுத்தவர்கள் கடையைக் கட்டப் போவதாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 24 பக்கங்களையும் வீட்டுக் கணினியில் இறக்கி வைத்தேன். வேறு இடம் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஏற்றவில்லை. அந்த நாளிலிருந்து உலகத்தில் அவற்றுக்கு இருந்த ஒரே படி, எங்கள் வீட்டில் தரையோடு தரையாக மேசைக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிக்குள்தான்.

2011 இந்த ஊருக்கு நல்ல வருஷம் இல்லை. ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி கொட்டிய மழையில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் ஊருக்குள் வந்தன. உயிர்கள் போயின. எங்கள் வீட்டில் முட்டளவு தண்ணீர்தான். அந்த முட்டளவுக்குள் கணினி இருந்தது.

மூன்றாம் நாள், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்ததும், பொறுக்காமல் ஸ்விட்சைப் போட்டேன். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கணினி பழுது பார்க்கும் தம்பி ஹார்ட் டிஸ்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்ண்ணா, கரண்டு குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"குடுக்காம கொண்டாந்திருந்தா எங்கியாச்சும் அனுப்பிப் பாத்திருக்கலாமுங். சேறு உள்ள இருக்கறப்ப தட்டு சுத்துச்சுன்னா அழிச்சுப்போடுமுங்."

அவன் விளக்கியது சரிதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹார்ட் டிஸ்க் முழுக்க அடைத்த பெட்டி இல்லை. காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு சின்னத் துவாரம் இருக்கும். உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் தட்டுக்கும், அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தூசியைவிடச் சிறியது. அங்கே ஓடைச் சேறு. தவறுதலாக அழித்த கோப்பு என்றால் வேறு கதை. கணினி அழிக்கும்போது கோப்பின் பெயரை மட்டும்தான் பட்டியலிலிருந்து எடுக்கிறது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் தட்டிலேயே கிடக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல்கள் அதைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். தட்டே கீறிப் போனால் நிரல் என்ன செய்யும்?

ஆக, என் கையில் எதுவும் இல்லை. அடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

*

இப்படித் தேடி அலைவது நமக்குப் புதிது இல்லை. உ.வே. சாமிநாதையர் வாழ்நாளில் பாதியை இதற்கே கொடுத்தார். ஓலை நம் வெயிலிலும் மழையிலும் சில நூறு வருஷம்தான் தாங்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் படி எடுக்க வேண்டும். எடுக்காத தலைமுறையோடு நூல் முடிந்துபோகும். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது எழுதியவனால் மட்டும் இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பேர், தலைமுறைக்குத் தலைமுறை, வேறு வேறு ஊரில் படி எடுத்ததால் வந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு கேட்டுப் போன சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு கோயிலில் எரிந்தது இன்னொரு மடத்திலோ, ஒரு கவிராயர் வீட்டுப் பரணிலோ இருந்தால்தான் நூல் பிழைக்கும்.

பிழைக்காததும் உண்டு. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. 1904இல் சாமிநாதையர் எட்டுப் பத்துகளோடுதான் அதைப் பதிப்பித்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இல்லாத எண்ணை மூடி மறைத்து, வரிசையைச் சேர்த்துப் போட்டுவிடவில்லை. 266க்கு அடுத்தது 269 என்று இன்றைக்கும் அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு தகவல். 2011க்குப் பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்துவரும் 'நூலகம்' திட்டத்துக்குப் பின்னால் அந்தத் தீயின் நினைவு உண்டு.

தமிழ் இணையத்தைத் தொடங்கியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. முதல் மின்னூல் திருக்குறள். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் பிழை பார்த்தார். யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்றார்கள். அந்த ஒரு அனுமதியாலேயே அதன் படிகள் எத்தனையோ பேர் கணினிகளில் சிதறிக் கிடக்கின்றன. இன்றைக்கு அந்தச் சர்வர் ஒன்று விழுந்தாலும் திருக்குறள் போகாது.

என்னைப் போன்ற தனி ஆட்களின் தளங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸில் உலகம் முழுவதும் இருந்து மனிதர்கள் இலவசமாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். தமிழர்களும் நிறைய இருந்தார்கள். 1999இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. மூடும் முன் 'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வலர் கூட்டம் இரவு பகலாகப் பக்கங்களை இறக்கியது. அடுத்த வருஷம் அந்த மூட்டையை 600 ஜிபிக்கு மேல் பெரிய ஒரே டோரன்ட்டாக யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். கேலியான மின்னும் எழுத்தும், பூனைப் படமும், கட்டுமானப் பணி நடக்கிறது என்ற பலகையும்தான் அதில் பாதி. அதையும் ஒருவர் படி எடுத்து வைக்கத் துணிந்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

*

என் தளத்தைத் தேட, 1996இல் பிரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 2001 முதல் 'வேபேக் மெஷின்' என்ற பெயரில் அதில் பழைய பக்கங்களை எவரும் பார்க்கலாம். பழைய முகவரி துல்லியமாக வேண்டும். தலைப்பையோ பெயரையோ போட்டால் போதாது. என் முகவரி எனக்கே பாதிதான் ஞாபகம் இருந்தது. முகவரியை அச்சடித்த பழைய விசிட்டிங் கார்டு ஒன்று, அம்மாவின் ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது.

முகவரியைப் போட்டதும் 2005, 2007 என்று நாட்காட்டியில் சில தேதிகள் வட்டமிட்டு வந்தன. திறந்தால் தமிழ் இல்லை. முக்கால் என்ற பின்னம், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', சென்ட் குறி, கோடு போட்ட ஒரு 'யூ'. பக்கம் முழுக்க இப்படியே.

அந்த நான்கும் சேர்ந்தால் 'தமிழ்'. டிஸ்கி குறியீட்டில் அடித்ததை டிஸ்கி எழுத்துரு இல்லாத கணினியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 90களின் கடைசியில் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஆளாளுக்கு ஒரு குறியீடு. இணையத்தில் பழகியவர்கள் மின்னஞ்சலில் விவாதித்து விவாதித்து டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பிடித்திருந்தது. ஆனால் அது விண்டோஸில் தெரிய விண்டோஸ் 2000 வர வேண்டியிருந்தது. வீட்டுக் கணினிகளில் பரவ இன்னும் சில வருஷம். 2010இல்தான் யூனிகோடு தமிழக அரசின் தரமானது. நான் எழுதிய ஐந்து வருஷமும் அந்த இடைக்காலம்.

கோப்பு பிழைத்தாலும் எழுத்து பிழைக்காமல் போகலாம் என்பதை அங்கே கண்டேன். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒவ்வொரு பக்கமாக ஒட்டி யூனிகோடுக்கு மாற்றினேன். பெரும்பாலும் நன்றாக வந்தது. ஆனால் சில பக்கங்களில் ஒரு எழுத்து மட்டும் இல்லை. "இரவு" என்று இருக்க வேண்டிய இடத்தில் "ரவு". "இல்லை" என்பது "ல்லை". காரணம் வேடிக்கையானது. டிஸ்கியில் 'இ'க்குக் கொடுத்த எண், மற்ற கணினிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத மென் இணைப்புக்கோட்டின் எண். வழியில் ஏதாவது ஒரு நிரல் அதைத் தேவையில்லாத கோடு என்று விழுங்கிவிடும். ஓலையில் பூச்சி அரித்த இடத்தை ஊகித்துப் படித்தவர்கள் மாதிரி, ஒரு வாரம் உட்கார்ந்து 'இ' போட்டேன்.

அப்படிக் கிடைத்தவை 15 பக்கம். மீதி 9 இல்லை. காப்பகத்தின் நிரல் ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துத்தான் அடுத்த பக்கத்துக்குப் போகும். 2006இல் அழகுக்காக ஜாவாஸ்கிரிப்ட்டில் இறங்குகிற மெனு ஒன்றை வைத்தேன். அதற்குள் இருந்த பக்கங்கள் அந்த நிரலின் கண்ணில் படவே இல்லை.

அடுத்தது ஒரு சிடி. 2006இல் ஒருமுறை எழுதி ஜன்னலோர அலமாரியில் வைத்திருந்தேன். ஐந்து வருஷ வெயில். ட்ரைவ் வெகுநேரம் முனகிவிட்டு, 4 பக்கங்களை மட்டும் கொடுத்தது.

இங்கே திருப்பூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும் ஒரு சங்கதி உண்டு. நாம் வீட்டில் எழுதும் சிடியில் தகவலைத் தாங்குவது சாயம். சயனின், தாலோசயனின், அசோ என்று மூன்று குடும்பத்துச் சாயங்களைப் பயன்படுத்தினார்கள். லேசர் பட்ட இடத்தில் அந்தச் சாயம் மாறும், அந்த மாற்றம்தான் எழுத்து. தாலோசயனின் குடும்பத்தைத்தான் டர்க்காய்ஸ் நீலத்துக்குத் துணியிலும் போடுகிறோம். அசோ என்ற சொல்லை இங்கே டீக்கடையிலும் தெரியும். 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை விதித்த பிறகு, 'அசோ ஃப்ரீ' சான்று இல்லாமல் ஒரு பெட்டி ஐரோப்பாவுக்குப் போகாது. வெயிலில் ஒரு சாயம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குவதே என் தொழில். என் சிடியின் சாயம் வெயிலில் நிற்குமா என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது வழி மனிதர்கள். தளத்தைப் படித்து அப்போது கடிதம் போட்டவர்களின் முகவரி என் மின்னஞ்சலில் இருந்தது. பதினோரு பேருக்கு எழுதினேன். டொரண்டோவிலிருந்து ஒருவர் பதில் போட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். "ரண்டு பக்கத்தை அச்செடுத்து வச்சிருந்தனான். ஸ்கேன் பண்ணி அனுப்புறன்" என்று எழுதியிருந்தார். ஏன் அச்செடுத்தீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கு அது பழக்கம்" என்றார்.

15, 4, 2. ஆக 21. மூன்று பக்கம் போனது போனதுதான். அதில் ஒன்று, அப்பா பேசியதன் இரண்டாம் பகுதி.

*

இப்போது என் ஏற்பாடு இது. பக்கங்கள் எல்லாம் சாதாரண யூனிகோடு எழுத்துக் கோப்புகளாக ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் நிரல் இல்லாவிட்டாலும் திறக்கலாம். மூன்று படி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று வெளியூரில் என்று பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன கணக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது. லேப் டிப் துண்டுக் கணக்கேதான் அது. ஒன்று என் கணினியில், ஒன்று தனியாகக் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்கில், ஒன்று தாராபுரத்தில் தங்கை வீட்டில். தங்கை வீடு மேட்டில் இருக்கிறது. இணையத்திலும் ஏற்றி, காப்பகத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நானே பதிய வைத்திருக்கிறேன். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி இருப்பதில்லை. கூகுள் பல வருஷம் தந்துகொண்டிருந்த தற்காலிகப் படியை 2024இல் நிறுத்திவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிக் காப்பகமே சில நாள் திறக்கவில்லை. அவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் 2002இல் புதிய அலெக்சாந்திரியா நூலகம் திறந்தபோதே தங்கள் தொகுப்பின் ஒரு படியைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள்.

எடுத்த படி படிக்க வருகிறதா என்று பார்க்காவிட்டால் அது படியே இல்லை. சிடி அதைச் சொல்லிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு, கம்பெனிகளில் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்கிற அன்று, நான் மூன்று படியையும் திறந்து நாலு பக்கமாவது வாசித்துப் பார்க்கிறேன். பழைய டிஸ்க் வயசானால் புதியதுக்கு மாற்றுகிறேன். ஓலைக்குச் செய்த வேலைதான்.

திரும்ப ஏற்றியபோது காணாமல் போன மூன்று பக்கங்களை என்ன செய்வது என்று யோசித்தேன். வரிசை எண்ணைச் சரிக்கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. செய்யவில்லை. 267, 268 மாதிரி அந்த மூன்று எண்ணும் அப்படியே இருக்கின்றன. திறந்தால் தலைப்பும், பேசியவர் யார் என்ற ஒரு வரியும், 'கிடைக்கவில்லை' என்ற சொல்லும் மட்டும் வரும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகப் புரியாது. ஆனால் முதல் பகுதியை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். வேலைநிறுத்தத்தின் மூன்றாம் மாசம், வீட்டில் அரிசி இல்லாமல் போனது வரைக்கும் அதில் இருக்கிறது. நிறுத்தியதும் கேட்டாள்: "மிச்சம்?"

"தண்ணீல போயிருச்சும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "உங்கப்பன் பாதியத்தான் சொல்லியிருப்பாரு. அந்த அரிசிய ஆரு குடுத்தாங்கன்னு அவருக்கே தெரியாது. எடு, அந்தப் போன்ல புடி. நாஞ் சொல்றேன்."

நாற்பது நிமிஷம் பேசினாள். அது அப்பாவின் இரண்டாம் பகுதி இல்லை. அந்த எண்ணுக்குக் கீழே அதைப் போடவும் இல்லை. 25ஆம் பக்கமாக, அம்மாவின் பெயரில், தனியாக இருக்கிறது. இந்தத் தடவை குரலையும் வைத்திருக்கிறேன், மூன்று இடத்தில்.